மோரில் கலந்த வேர்

என் அப்பா மாட்டுத் தரகர். ஓசூர்ச் சந்தையில் அவரைக் கண்ணால் தேட வேண்டியதில்லை, காது இருந்தால் போதும். தமிழில் ஆரம்பிப்பார், கோபம் ஏறினால் தெலுங்குக்குப் போவார், வாங்க வந்தவர் அத்திப்பள்ளிப் பக்கத்து ஆளாக இருந்தால் கன்னடத்தில் முடிப்பார். விலையை மட்டும் வாயால் சொல்ல மாட்டார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டுக்கொண்டு, அதற்கு அடியில் வாங்குபவரின் விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரல், எந்த விரல் என்பதுதான் பேரம். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் காதில் விழுவதெல்லாம் மாட்டின் பெருமையும் எதிராளியின் கஞ்சத்தனமும்தான்.

வீட்டில் அவருக்குத் துண்டு மறைப்பெல்லாம் கிடையாது. எல்லாம் வெட்டவெளிச்சம். பால் பொங்கி வழிந்தால் பாலில் தொடங்குவார். அங்கிருந்து போன வருஷம் தொலைந்த கயிற்றுக்குப் போய், அதற்கு முந்தின வருஷம் தீய்ந்த பொங்கலுக்குப் போய், கடைசியில் கல்யாணச் சீராக அம்மா வீட்டிலிருந்து வந்த கிடாரிக் கன்றில் வந்து நிற்பார். அந்தக் கன்றுக்கு முதுகில் ஏதோ ஆகாத சுழி இருந்ததாம். மாட்டுத் தரகனுக்கே சுழி கெட்ட கன்றைத் தள்ளிவிட்டார்களே என்று இருபது வருஷத்துக்கு மேல் ஆறவில்லை மனுஷருக்கு. அந்தக் கன்று வளர்ந்து, பல ஈத்து ஈன்று, எங்களுக்கெல்லாம் பால் கொடுத்து, வயதாகித்தான் செத்தது. "அந்தப் பசும்பால் குடிச்சிதானே நான் வளந்தன்" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதான் உனுக்கு இந்த வாயி" என்றார்.

அது என்னவோ வாஸ்தவம்தான். நான் அப்போது பக்கத்து ஆரம்பப் பள்ளியில் டீச்சர். ஒன்றாம் வகுப்புக்கு நான் போடும் சத்தம் அஞ்சாம் வகுப்பை அடக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் கோபம் அப்பா வழிச் சொத்து. அவருடைய அப்பாவும் கோபக்காரர், அண்ணனும் கோபக்காரர். இரண்டு பேருமே ஐம்பது வயதை ஒட்டி ஒரு பக்கம் கை கால் விழுந்து, வாய் கோணி, படுக்கையில் கிடந்து போனார்கள். அம்மாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. அப்பாவுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு சந்தை நாளில் அப்பாவுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. ஒரு ஜோடிக் காளைக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடைவீதியில் ஒரு டாக்டர் இருந்தார். தென் மாவட்டத்துக் கிறிஸ்தவர், நிதானமான மனிதர். பாதரசம் ஏறி இறங்கும் கருவியை அப்பாவின் கையில் கட்டிப் பார்த்துவிட்டு, ரத்தக் கொதிப்பு நிறைய இருக்கிறது, இப்படியே விட்டால் மூளையில் நரம்பு வெடிக்கும் என்றார். அம்மாவுக்கு மாமனாரும் மூத்தாரும் கண்முன் வந்திருப்பார்கள். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் உளுந்தைவிடச் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரையைக் கொடுத்தார். அப்பா அதை உள்ளங்கையில் வைத்து, விற்க வந்த மாட்டின் பல்லைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இங்கிலீசு மருந்து சூடு டாக்டரு. எனுக்கு ஒத்துக்காது."

"இங்கிலீஷ் மருந்து இல்லைய்யா. சர்ப்பகந்தி தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம? தளி காட்டுல கெடைக்கும். பாம்பு கடிச்ச மாட்டுக்கு அரைச்சி ஊத்துவம்."

"அந்த வேருதான் இது. வேருக்குள்ள வேலை செய்யுற சத்து ஒண்ணு இருக்கு, ஆல்கலாய்டும்பாங்க. அதை மட்டும் பிரிச்சு எடுத்து, அளந்து மாத்திரையாக்கி இருக்காங்க. மலைக்காய்ச்சலுக்குக் கொயினா குடிச்சிருப்பீங்களே, அது மரப்பட்டையில இருந்து எடுத்தது. அது மாதிரிதான். இதுக்கு ரிசர்பின்னு பேரு. கொதிப்பும் இறங்கும், படபடப்பும் அடங்கும்."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நம் காட்டு வேரைச் சீமைக்காரன் மாத்திரையாக்கி நமக்கே விற்கிறான் என்று அடுத்த சந்தையில் எல்லோரிடமும் சொன்னார். தமக்கு எப்போதோ தெரிந்த மருந்து என்ற மாதிரி ஒரு தோரணை. அந்தத் தோரணைக்காகவே ஒரு வேளை விடாமல் மாத்திரையை விழுங்கினார்.

அம்மாவின் யோசனை வேறு வழியில் போனது. உளுந்தளவு மாத்திரையே இவ்வளவு நல்லது செய்யும் என்றால், எங்கோ இயந்திரத்தில் போட்டுச் சக்கையாக்காத முழு வேர் எவ்வளவு செய்யும்? சந்தைக்குக் காட்டுச் சாமான் கொண்டுவரும் மலைக்காரப் பெண்ணிடம் சர்ப்பகந்தி வேரை வாங்கிக் காயவைத்தாள். இடித்துச் சலித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா குடிக்கும் மோரில் கலக்கினாள். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. வேர் முற்றத்து முறத்தில்தான் கிடந்தது. மோர் கசக்கிறது என்று அப்பா கத்தினார், உடம்புக்கு நல்லது என்றாள் அம்மா, அவரும் குடித்தார். டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ரசத்தில் மிளகு போட்டதை யாராவது டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா?

கொஞ்ச நாளில் அப்பாவின் மூக்கு அடைத்துக்கொண்டது. ஜலதோஷம் என்று நினைத்தோம். பிறகு பகலிலும் தூங்க ஆரம்பித்தார். பிறகு கத்துவது குறைந்தது. ஒருநாள் பால் பொங்கி அடுப்பே அணைந்துபோனது. அம்மா தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் அப்படி ஓர் அமைதியை நாங்கள் கண்டதே இல்லை. அம்மா அடுப்படியில் வாய்க்குள்ளேயே எதையோ பாடினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பயமில்லாமல் வந்து எங்கள் புளியமரத்தில் கல்லெறிந்தார்கள். டாக்டர் கருவியைக் கட்டிப் பார்த்து, கொதிப்பு நன்றாக இறங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டார். வாழ்நாள் முழுக்க இடி இடித்த வீட்டில் மழை நின்றால் யார்தான் சந்தோஷப்பட மாட்டார்கள்? யாராவது எங்களைக் குறை சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

முதலில் சந்தேகப்பட்டவர் வெளி ஆள். அத்திப்பள்ளியிலிருந்து வாடிக்கையாக மாடு வாங்க வருபவர், அப்பாவோடு பல வருஷமாக விரல் பிடித்தவர். ஒரு சந்தை நாளில் பாதியிலேயே அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். தமக்குத் தெரிந்த தமிழில் அம்மாவிடம் சொன்னார்.

"அம்மா, எஜமானுக்கு மை சரி இல்லா, உடம்பு சரி இல்லா. துண்டு உள்ளே கை நடுங்குது. ஏறி ஏறிக் கேக்குறார்னு நான் நெனச்சிட்டேன். முகம் பார்த்தா, கண்ணுல நீரு."

அவரே ஜூஜுவாடி தாண்டி வெகுதூரம் மாடுகளை நடத்திப் போக வேண்டியவர். அதை விட்டு அப்பாவைக் கைபிடித்துக் கொண்டுவந்து விட்டுப் போனார்.

அதன் பிறகு அப்பா சந்தைக்குப் போகவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "எனுக்கு என்னாத்துக்கு சோறு" என்பார். தொழுவத்தில் கன்று தாயை முட்டிப் பால் குடிப்பதைப் பார்த்துக் கண்ணீர் விடுவார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வீட்டுக்குப் பின்னால் எங்கள் கிணறு. போகப் போக அந்தக் கிணற்று மேட்டிலேயே போய் உட்கார ஆரம்பித்தார். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இதுல எவ்ளோ தண்ணி இருக்குது?" என்று கேட்டார்.

அந்தக் கிணற்றை வெட்டியபோது கூட நின்றவர் அவர். ஒவ்வொரு கோடையிலும் தாமே இறங்கித் தூர் வாருகிறவர். அதன் ஆழம் அவரைவிட வேறு யாருக்கும் தெரியாது. கையைப் பிடித்து அவரை எழுப்பி உள்ளே கூட்டிப் போனேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் மருந்தைக் கூட்டுவதுதான். அடுத்த நாள் மோரில் வேர்த்தூளை இன்னும் கொஞ்சம் அதிகம் போட்டிருக்கிறாள்.

அந்த வாரம்தான் ஊத்தங்கரையிலிருந்து அத்தை பஸ் ஏறி வந்தாள். அப்பாவின் மூத்த அக்காள், எங்கள் பாட்டி போன பிறகு அவருக்குத் தாய் மாதிரி. தம்பியைப் பார்த்ததும் வாசலிலேயே பையைப் போட்டுவிட்டாள். கன்னம் ஒட்டி, கண் குழிவிழுந்து, கூப்பிட்டால் மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்க்கிற அந்த ஆள் அவளுடைய தம்பி இல்லை. மத்தியானம் அம்மா முறத்திலிருந்து தூளை எடுத்து மோரில் கலப்பதை அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னாமே கலக்கற?"

"வேருங்க அண்ணி. அவரு கொதிப்புக்கு."

"எத்தினி நாளா?"

அம்மா வெள்ளையாகச் சொன்னாள். அத்தை டம்ளரைப் பிடுங்கி முற்றத்தில் வைத்தாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள். என் தம்பிக்கு மருந்து வைத்துவிட்டாள், வாயைக் கட்டிவிட்டாள், புலி மாதிரி இருந்தவனைப் பூனை ஆக்கிவிட்டாள் என்று.

எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய பழி ஒரு பெண்ணுக்கு இல்லை. புருஷனைத் தன் சொல்லுக்குள் வைத்துக்கொள்ள நினைப்பவள் சோற்றில் எதையோ கலந்து கொடுப்பாள், அது அவன் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கும் என்று நம்புவார்கள். இடுமருந்து என்று பெயர். அதை வெளியே எடுப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. ஊத்தங்கரைக்கு அந்தப் பக்கம் தனக்குத் தெரிந்த ஒருவர் இருப்பதாகவும், தம்பியைக் கையோடு கூட்டிப் போவதாகவும் அத்தை சொன்னாள். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அடங்காத மனுஷன் அடங்கிப்போனதை எல்லோரும்தான் பார்த்தார்களே. அத்தை சொன்னதும் அவர்களுக்கெல்லாம் அது பொருந்திப்போனது.

அம்மா அவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. அப்பாவை மட்டும் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் முகம் அப்போது இருந்த இருப்பு எனக்கு இந்த வயதிலும் மறக்கவில்லை.

அப்பா பேசவில்லை, அதனால் நான் பேசினேன். அவர் குரலிலேயே பேசினேன். அத்தையின் கணவர் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் குடுமியை முடிந்துகொண்டு சண்டைக்கு நின்றதிலிருந்து ஆரம்பித்து ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. "எங்கம்மா மருந்து வெச்சாளா இல்லியான்னு ஊத்தங்கரையில என்னாத்துக்குக் கேக்கணும்? இங்க கடைவீதியில கேக்கலாம், வா அத்தை" என்று சொல்லி, முறத்திலிருந்த வேரை முந்தானையில் முடிந்துகொண்டேன். மோர் டம்ளரையும் எடுத்துக்கொண்டேன். அப்பாவைக் கைத்தாங்கலாக எழுப்பினேன். எங்கள் பின்னால் அத்தை, அவளுக்குப் பின்னால் தள்ளி அம்மா. அந்த ஊர்வலத்தை ஓசூர் கடைவீதி வேடிக்கை பார்த்தது.

டாக்டர் வேரை ஒடித்து மோந்து பார்த்தார். நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார். மோரைக் கலக்கிப் பார்த்தார். எவ்வளவு தூள், எத்தனை வேளை என்று அம்மாவிடம் கேட்டார். பிறகு அப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"இது ரெண்டும் ஒண்ணுதாம்மா," என்றார் கடைசியில். "மாத்திரையில இருக்கறது அளந்து வெச்ச சத்து. வேருல அதே சத்து அளவில்லாம இருக்கு, ஒரு வேருல கொஞ்சம், இன்னொரு வேருல நிறைய. ரெண்டும் சேர்ந்து கொதிப்பை இறக்கினதோட நிக்கலை, மனசையும் இறக்கிருச்சு. அதான் இந்தக் கை நடுக்கம், இந்த அழுகை. கிணத்துப் பக்கம் ஏதும் போறாரா?"

நான் தலையை ஆட்டினேன்.

"நான் ஒவ்வொரு தடவையும் கையில கட்டிப் பார்த்தேன். மனசு எப்படி இருக்குன்னு ஒரு தடவைகூட கேக்கலை. மாத்திரை மட்டும் சாப்பிட்டாலே சில பேருக்கு இப்படி ஆகறது உண்டு. நான் கேட்டிருக்கணும்."

அத்தை விடவில்லை. "அப்போ இவ வெச்சதாலதானே டாக்டரு?"

"அவங்க மட்டுமா வெச்சாங்க? நானும்தான் வெச்சேன். ஒரே வேரைத்தான் ரெண்டு பேரும் கொடுத்தோம், ரெண்டு பேரும் அவர் பிழைக்கணும்னுதான் கொடுத்தோம். சொல்றதா இருந்தா என்னையும் சேர்த்துச் சொல்லுங்க."

அந்த டாக்டருக்காக நான் இன்றும் மனதுக்குள் கும்பிடுகிறேன். தம் தவறை அவர் மறைத்திருக்கலாம். அம்மா மேல் தள்ளிவிட்டிருந்தால் ஊரே நம்பியிருக்கும்.

மாத்திரையையும் வேரையும் இரண்டையுமே நிறுத்தச் சொன்னார். உடம்பில் ஊறினது இறங்க வாரக்கணக்காகும், அதுவரை தனியாக விடாதீர்கள் என்றார். கொதிப்பு மறுபடி ஏறலாம், அதற்கு உப்பைக் குறைத்து, ஓய்வு கொடுத்துப் பார்ப்போம், இந்த மாத்திரை இனி இவருக்கு வேண்டாம் என்றார். அம்மாவுக்கு அது விளங்கிவிட்டது. ஒரு பக்கம் கிணறு, இன்னொரு பக்கம் மாமனார் கிடந்த படுக்கை.

மறுநாள் அம்மா அடுப்பைக் கிணற்று மேட்டுக்கு மாற்றினாள். மூன்று கல்லை வைத்து அங்கேயே ராகிக்களி கிண்டினாள். அங்கேயே துணி துவைத்தாள், கொள்ளுப் புடைத்தாள், மற்ற நேரம் கிணற்றின் படி வாயிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். அப்பா வந்து உட்கார்ந்தால் அவருக்கும் கிணற்றுக்கும் நடுவில் அம்மா இருப்பாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அவள் அவருக்கு மோர் கொடுப்பதை மட்டும் விட்டுவிட்டாள். மோர்ப்பானையைத் தொட்டால் அவள் கை நடுங்கும். நான்தான் ஊற்றிக் கொடுப்பேன். அத்தையும் ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டாள். தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பாள், அம்மாவோடு பேச மாட்டாள்.

முதலில் மூக்கு திறந்தது. பிறகு கை நடுக்கம் குறைந்தது. ஒரு காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

"கெணத்து மோட்டுல எவனாச்சும் அடுப்பு வெப்பானா? ஊட்டுல எடம் இல்லியா? சாம்பலு பூரா தண்ணியில வுழுது. மாட்டுக்கு இதயா காட்டுவ? உங்கப்பன் ஊட்டுல சொல்லிக் குடுத்தாங்களா? சொல்லிக் குடுத்திருப்பாங்க, சுழி கெட்ட கன்ன ஓட்டியாந்தவங்கதானே…"

நான் பின்வாசலுக்கு ஓடினேன். அத்தை ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுகிறவளைப் பார்த்து அப்பாவுக்கு இன்னும் கோபம் வந்தது. கன்றின் முழு ஜாதகத்தையும் எடுத்தார். அதைவிட நல்ல பாட்டை நான் கேட்டதில்லை.

அதன் பிறகு சில வருஷம் அப்பா இருந்தார். உப்புக் குறைந்த சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார். சந்தைக்குப் போனார், விரல் பிடித்தார். கடைசியில் அவரையும் பக்கவாதம்தான் கொண்டுபோனது, ஆனால் படுக்கையில் கிடத்தாமல் ஒரே நாளில். அந்த வருஷங்களில் வீட்டில் சண்டைக்குக் குறைவே இல்லை. கயிறு வந்தது, பொங்கல் வந்தது, கன்று தவறாமல் வந்தது. வேர் மட்டும் வரவில்லை. எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷர், அம்மாவை ஒரே சொல்லில் சாய்க்கக்கூடிய அந்த ஒன்றைக் கடைசிவரை வாயில் எடுக்கவே இல்லை. நான் அதற்காகக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஒவ்வொரு சண்டையிலும் இப்போது வந்துவிடும் என்று அடுப்படி வாசலில் வந்து நிற்பேன்.

எடுத்தவள் அத்தைதான். அவள் பேத்தியின் காதுகுத்துக்கு ஊத்தங்கரைக்குப் போயிருந்தோம். சாப்பாட்டுப் பந்தியில் அப்பாவின் இலைக்கு எதிரில் நின்றுகொண்டு, சிரிப்பது போல, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பாத்து சாப்புடு தம்பி. உம் பொண்டாட்டி கையால வாங்கித் தின்னு ஒருக்கா பட்டது போதும்."

பெண்கள் பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

அப்பா அக்காளைப் பார்க்கவில்லை. பந்தி முழுவதையும் தாண்டி அம்மாவைப் பார்த்தார்.

"ஏய், மோரு கொண்டா."

நான் எழுந்தேன். "நீ உக்காரு" என்று என்னை அதட்டினார். "அவள கொண்டாரச் சொல்லு."

அம்மா வந்தாள். கை நடுங்கியதில் டம்ளரிலிருந்து மோர் சிந்தியது. அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கினார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், எல்லோரும் பார்க்க, அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து இலையோரம் வைத்துவிட்டு அம்மாவை முறைத்தார்.

"த்தூ, உப்பே இல்ல. மோரு ஊத்தறா பாரு, சுழி கெட்ட கன்னு குடுத்தவன் பொண்ணு" என்றார்.